பாட்டி பொய் சொல்லவில்லை. மருமகளும் பட்டினி போடவில்லை

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குப் பணி ஆற்றிய ஓர் ஊரில் நடந்த நிகழ்ச்சி இது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். அவ்வாறு ஒரு வீட்டுக்குச் சென்றபோது, திண்ணையில் அமர்ந்திருந்த எண்பது வயதுப் பாட்டி நம் கையைப் பற்றிக்கொண்டார். "சாமி, இந்த வீட்டுல எனக்குச் சோறு போட மாட்டேங்கிறாங்க. மூணு நாளாப் பட்டினி கெடக்குறேன்" என்று கண்ணீர் விட்டார். அண்டை வீட்டாரும் அதையே சொன்னார்கள். பாட்டி தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் அவ்வாறு முறையிடுவதை அவர்கள் நாள்தோறும் கேட்டிருந்தார்கள்.

நாம் அவ்வீட்டு மருமகளை அழைத்துக் கடிந்துகொண்டோம். பெரியவர்களைப் பேணாத வீடு விளங்காது என்றும் சொன்னோம். அப்பெண் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார். சற்று முன்னர் பாட்டி இட்லி உண்ட தட்டு, கழுவாமல் திண்ணை ஓரத்திலேயே கிடந்தது. அதை நாம் கண்டோம். ஆனால் அதன் பொருளை உணரவில்லை.

சில மாதங்களுக்குப் பின், செவிலியரான அருட்சகோதரி ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று வந்து நம்மிடம் உண்மையை விளக்கினார். பாட்டிக்கு மூளையில் நோய். உண்டதை அடுத்த கணமே மறந்துவிடுகிறார். உண்ணவில்லை என்று அவர் கூறியது பொய்யன்று. அவரைப் பொறுத்தவரை அதுவே உண்மை. பட்டினி போட்டதாக நாம் பழித்த அந்த மருமகளோ, இரவும் பகலும் கண்விழித்து அவரைக் காத்து வந்திருக்கிறார். அன்று நாம் சொன்ன கடுஞ்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதுமை வேறு, நோய் வேறு

வயது ஏற ஏற மறதி சிறிது மிகுவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடாத முதியவர் யார்? பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றி அழைக்காத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார்? சற்று நேரம் சென்றபின் நினைவு வந்துவிடுமாயின் அது முதுமையின் தளர்ச்சியே. ஆனால் கண்ணாடியைக் கையில் கொடுத்த பின்னரும் அது எதற்கு உரியது என்று விளங்காமல் விழிப்பாராயின், அது நோய்.

டிமென்ஷியா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த மறதி நோய், மூளையின் உயிரணுக்கள் பழுதுற்று அழிவதால் வருவது. அதில் பல வகைகள் உண்டு. நூறு நோயாளிகளுள் அறுபது முதல் எழுபது பேரிடம் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனி நாட்டு மருத்துவரான அலாய்ஸ் அல்சைமர், 1901ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரைக் கண்டார். அவர் தம் பெயரைக்கூட எழுதி முடிக்க இயலாமல் தடுமாறினார். தம் கணவர்மீது காரணமின்றி ஐயம் கொண்டார். 1906இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், அது சுருங்கியிருப்பதையும், இயல்புக்கு மாறான படிவுகளும் முறுக்கிய இழைகளும் அதில் நிறைந்திருப்பதையும் கண்டு, அவ்வாண்டே மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். பேயும் செய்வினையும் பழிக்கப்பட்ட இடத்தில் உடலின் நோய் ஒன்று இருப்பது அன்று கண்கூடாயிற்று.

அடுத்ததாக நாம் அறிய வேண்டியது, இரத்தக் குழாய்களின் அடைப்பால் வரும் மறதி நோய். இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கவனியாது விட்டவர்களுக்கும், பக்கவாதம் கண்டவர்களுக்கும் இது வரக்கூடும். மாத்திரையை இரண்டு மாதம் உண்டுவிட்டு, "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடும் பழக்கம் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

ஏழை நாடுகளில் மறைந்திருக்கும் நோய்

மறதி நோய் செல்வ நாடுகளுக்கே உரியது என்று ஒரு காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். உண்மை அவ்வாறன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் இருப்பவர்கள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய் உடையவர்கள் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடையேயும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அந்த ஆய்வு கூறுகிறது.

அப்படியானால் இத்தனை நோயாளிகளும் நம் கண்ணுக்குத் தெரியாதது எப்படி? இதற்கு விடை தேடியவர்களின் வரலாறு நம் அண்டை மாநிலத்தில் தொடங்குகிறது. 1998ஆம் ஆண்டு கொச்சியில் கூடிய அறிஞர்கள் ஓர் ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்து, அதற்குப் "பத்தின்கீழ் அறுபத்தாறு" என்று எண்களாலேயே பெயரிட்டனர். மறதி நோயாளிகளுள் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ, அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லையே என்ற ஆதங்கம் அப்பெயரில் அடங்கியுள்ளது.

இக்குழுவினர் கியூபா, பெரு, மெக்சிகோ, சீனா முதலிய நாடுகளிலும், நம் தமிழகத்தில் சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் அறுபத்தைந்து வயதைக் கடந்தோரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, நம் கிராமங்களில் ஆயிரத்துக்கு மூவருக்கே நோய் என்று கணக்கு வந்தது. குழுவினர் வளரும் நாடுகளுக்கென வகுத்த அளவுகோலால் அளந்தபோதோ, ஆய்வு நடந்த எந்த இடத்திலும் நூற்றுக்கு ஐவருக்குக் குறையவில்லை!

இந்த வேற்றுமைக்குக் காரணம் நம் வீட்டு வாழ்க்கையிலேயே இருக்கிறது. அந்நாட்டு முதியவர் தனித்து வாழ்கிறார். வங்கிக் கணக்கைத் தாமே பார்க்கிறார். காரைத் தாமே ஓட்டுகிறார். மனம் தடுமாறினால் அடுத்த வாரமே அது வெளிப்பட்டுவிடும். நம் கிராமத்துப் பாட்டிக்கோ சமையலை மருமகள் பார்க்கிறார். கடைக்குப் பேரன் போகிறான். பென்ஷன் பணத்தை மகன் வாங்கி வருகிறார். திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததால் குறையும் தெரிவதில்லை. வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறோம். குடும்பத்தின் அரவணைப்பு நோயாளிக்குப் பெரும் பேறு. ஆனால் அதே அரவணைப்பு நோயை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது.

கல்வியும் இங்கே ஒரு காரணம். இன்று என்ன தேதி என்று கேட்பதும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் மேலை நாட்டுச் சோதனை முறைகள். பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் மூதாட்டி இவற்றில் தவறினால் அது நோயின் அடையாளம் ஆகுமா? ஆகவேதான் நம் நாட்டுக்குரிய சோதனைகளில் ஊர் வழக்கத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் ஏற்ற வினாக்களை அமைக்கிறார்கள்.

நம் வீடுகளில் தெரியும் அடையாளங்கள்

சோதனைக்கு முன்னரே வீட்டார் கண்டுகொள்ளத் தக்க அடையாளங்கள் சில உண்டு. நாற்பது ஆண்டு மீன் குழம்பு வைத்த கை, இன்று இருமுறை உப்புப் போடுகிறது. புளி கரைக்க மறக்கிறது. நாள்தோறும் சென்று வந்த கோவிலிலிருந்து வீடு திரும்பும் வழி தெரியாமல் ஒருவர் சந்தியில் நிற்கிறார். கேட்ட கேள்வியையே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறார். சுருக்குப் பையைத் தாமே அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று ஊர் கூட்டுகிறார். பொழுது சாயும் நேரத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே புறப்படுகிறார். இரவைப் பகல் என்று எண்ணி விழித்திருக்கிறார். சாந்தமாக இருந்தவர் திடீரென ஏசுகிறார். அடிக்கவும் கை ஓங்குகிறார். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடனே அஞ்ச வேண்டுவதில்லை. பல சேர்ந்து வந்து, மாதங்கள் செல்லச் செல்ல மிகுமாயின், மருத்துவரை நாட வேண்டும்.

நோய் முதிரும்போது பெற்ற பிள்ளையின் முகமும் அயல் முகமாகிவிடுகிறது. குளிப்பதற்கும் உடுப்பதற்கும், இறுதியில் ஒரு கவளம் விழுங்குவதற்கும்கூடப் பிறர் துணை வேண்டியிருக்கும். இந்நிலை சில மாதங்களில் முடிவதன்று. ஆண்டுக் கணக்கில் நீளுவது.

பழி யார் மேல்?

2001இல் கோவா மாநிலத்தைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. அங்குள்ள மக்களிடமும் நலப் பணியாளர்களிடமும் மறதி நோயின் அடையாளங்களை விவரித்துக் கேட்டபோது, அத்தகைய முதியவர்களைத் தாங்கள் அறிவோம் என்றனர். ஆனால் அதை நோய் என்று அவர்கள் கருதவில்லை. முதுமையின் இயல்பு என்றார்கள் சிலர். பிள்ளைகள் அன்பு காட்டாமல் புறக்கணித்ததால் வந்த கேடு என்றார்கள் வேறு சிலர். கேரளத்தின் திருச்சூரில் நடந்து, 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு, நோயாளிகளைப் பேணுவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள், அவர்களிலும் பலர் மருமக்கள் என்று கண்டது. அவர்களும் நோயின் செய்கைகளை வேண்டுமென்றே செய்யும் அடமென்று தவறாக எண்ணியிருந்தனர். அவர்களுடைய மனநலமும் சீர்கெட்டிருந்தது.

அன்பு வாசகர்களே, இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்ப்பீர்களாக. வீட்டுக்குள் நோயாளியின் ஏச்சு. வீட்டுக்கு வெளியே ஊராரின் ஏச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் அரைபடுகிறார். அவரைக் கடிந்துகொள்ள மூன்றாவதாகப் பங்குத் தந்தையும் வந்து சேர்ந்தால் அவர் எங்கே போய் அழுவார்? நாம் செய்த பிழை நம் ஒருவருடையது மட்டுமன்று என்பதை அறிந்தபோது ஆறுதல் பிறக்கவில்லை, அச்சமே பிறந்தது.

அன்பின்மையால் இந்நோய் வருவதில்லை. மிகுந்த அன்புடன் பேணப்படுவோருக்கும் அது வருகிறது. பாவத்தின் தண்டனையும் அன்று. தந்தையின் அறிவு தளரும் காலத்தில் மகன் பொறுமை காட்ட வேண்டும் என்று சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறது. இந்தத் துன்பம் எத்துணைப் பழமையானது என்பதும், அதற்கு இறைவன் கேட்பது பழியன்று, பொறுமையே என்பதும் அதனால் விளங்கும்.

மருத்துவரை நாடுவது ஏன்?

குணப்படுத்த மருந்தில்லை எனில் மருத்துவரிடம் போய் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. பயன் மிக உண்டு. மறதி கண்டவர் எல்லோருக்கும் அல்சைமர் அல்ல. தைராய்டுச் சுரப்பியின் குறை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் உட்புறம் தேங்கிய இரத்தம் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றைக் கண்டறிந்தால் சிகிச்சை செய்யலாம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென உளறினால், அது சிறுநீர்த் தொற்று போன்ற வேறொரு நோயின் விளைவாகவும் இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அல்சைமர் நோய்க்கும், முற்றிலும் குணப்படுத்தாவிடினும், சிலருக்குச் சிறிது காலம் துணைபுரியும் மாத்திரைகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, இது நோய் என்று மருத்துவர் வாயால் கேட்டவுடன், வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடுகிறது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டே முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. நாட்டின் முதல் முதியோர் நல மருத்துவப் பேராசிரியரான டாக்டர் வி.எஸ். நடராசன் அப்பணியின் முன்னோடி. கேரளத்தில் 1992இல் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கம் இன்று பல மாநிலங்களில் கிளைகளுடன் பணியாற்றுகிறது. மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

வரும் முன் காக்கவும் ஓரளவு இயலும். செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மது, தனிமை, உடலுழைப்பின்மை, இளமையில் கல்வியின்மை முதலிய பதினான்கு காரணங்களை நீக்கினால், உலகில் மறதி நோயின் ஏறத்தாழ பாதியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 2024இல் அறிஞர் குழு ஒன்று கணித்தது. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும், தாத்தாவுக்குக் கண்புரை அறுவை செய்விப்பதும் இந்நோய்க்கு எதிரான மருந்துகளே!

வீட்டார் செய்யத் தக்கவை

நாம் கண்டும் கேட்டும் அறிந்த சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, வாதாடாதீர்கள். "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று சாதிப்பதால் அவருக்கு நினைவு வரப்போவதில்லை; தம்மைப் பொய்யர் என்கிறார்களே என்ற துயரமே மிஞ்சும். "இதோ வருது, அத்தை" என்று சொல்லி ஒரு வாழைப்பழமோ சிறிது மோரோ கொடுப்பது மேல்.

இரண்டாவது, நாளை ஒரே ஒழுங்கில் நடத்துங்கள். உணவு, குளியல், உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். கட்டில், செம்பு, துண்டு முதலியவற்றை இடம் மாற்றாதீர்கள். இரவில் கழிப்பறை செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

மூன்றாவது, வெளியே அலைந்து சென்றுவிடும் இயல்பு உடையவராயின், பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கழுத்துக் கயிற்றிலோ சட்டைப் பையிலோ வையுங்கள். தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் சொல்லி வையுங்கள். கிணறும் அடுப்பும் பூச்சிமருந்தும் அவர் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

நான்காவது, எஞ்சியிருப்பதைப் பேணுங்கள். அண்மைச் செய்திகள் முதலில் அழியும். நெடுநாள் பழகியவை நெடுநாள் நிற்கும். தம் பெயரைச் சொல்ல மறந்த மூதாட்டி ஒருவர், நாம் மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கியதும் தட்டுத் தடங்கலின்றி இறுதிவரை சொல்லக் கேட்டிருக்கிறோம். மகனை அடையாளம் காணாத வேறொருவர், மடியில் மல்லிகையைக் கொட்டினால் சரம் சரமாகத் தொடுத்துவிடுவார். பாடல், ஜெபம், பூத்தொடுத்தல், கீரை ஆய்தல் ஆகியவற்றில் அவர் தம்மை மீண்டும் கண்டுகொள்கிறார்.

ஐந்தாவது, கட்டிப்போடாதீர்கள், அறையில் பூட்டாதீர்கள், பிறர் முன்னிலையில் நகையாடாதீர்கள். பெயர்களை மறந்தவரும் அவமதிப்பை உணர்வார். அன்பான தொடுதலையும் உணர்வார்.

பேணுகிறவரை யார் பேணுவது?

குடும்பங்கள் சிறுத்துவிட்டன. மூத்த மகன் வளைகுடா நாட்டில், இளையவன் பெங்களூரில், பெண் பிள்ளைகள் மணமாகி வேற்றூரில். எஞ்சிய ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழுகிறது. பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் உடன்பிறந்தோர், ஆண்டில் ஒரு மாதமேனும் தாயைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். புதிய இடம் நோயாளிக்குக் கலக்கம் தருமாயின், தாமே வந்து தங்கிப் பேணட்டும். வந்த இரண்டு நாளில் குறை கண்டுபிடித்துப் பேசிச் செல்வதை மட்டும் தவிர்க்கட்டும்.

அன்பியங்களுக்கும் மரியாயின் சேனைக்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்கும் இங்கே பணி காத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், இருவர் சென்று பாட்டியருகே அமர்ந்திருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டுப் பெண் உறங்கட்டும்; அல்லது பூசைக்குப் போய் வரட்டும்; அல்லது தம் தாய் வீட்டை எட்டிப் பார்த்து வரட்டும். பெரும் பொருட்செலவு இல்லாத இந்த அறச்செயலுக்கு ஈடான உதவி அவ்வீட்டுக்கு வேறில்லை. அடுத்த முறை ஒரு முதியவர் உங்களிடம், "எனக்குச் சோறு போட மாட்டேங்கிறாங்க" என்று சொன்னால், உடனே தீர்ப்பிடாதீர்கள், புறக்கணித்தும் விடாதீர்கள். உண்மையாகவே கைவிடப்பட்ட பெரியவர்களும் நம்மிடையே உண்டு. உள்ளே சென்று, அமர்ந்து, பார்த்து, கேட்டு அறியுங்கள்.

அருட்சகோதரி உண்மையைச் சொன்ன அன்று மாலையே நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். மருமகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய், "ஐயோ சாமி, நீங்க போயி... எனக்கே முதல்ல தெரியல சாமி, அத்தை வேணும்னே செய்றாங்கன்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளிப்பட்டது. திண்ணையிலிருந்த பாட்டி அதைக் கண்டு எழுந்து வந்தார். அழுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் தம் சேலைத் தலைப்பால் அவர் கண்ணீரைத் துடைத்து, "யாரு பெத்த பிள்ளையோ, அழாதம்மா" என்றார்.

பெயரும் உறவும் அழிந்துபோன அந்த மூளையில் இரக்கம் அழியாமல் இருந்தது. அடுத்த முதல் வெள்ளியன்று நாம் சென்றபோதும் பாட்டி அதே முறையீட்டைச் சொன்னார். நாமும் அவர் கையைப் பிடித்து, "வரும் பாட்டி, இப்ப வந்துரும்" என்றோம். மருமகள் ஒரு தம்ளர் கஞ்சியுடன் வந்தார்.